சுமை வெளியே இருக்கட்டும்: உடலுள் பொருத்தும் மருத்துவக் கருவிகளில் கம்பியில்லாத் தொடர்பு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்துத் தைக்கப்படும் பேஸ்மேக்கர், காதுக்குப் பின்னே எலும்பின்மேல் அமரும் காக்லியர் இம்பிளான்ட், நுரையீரல் தமனிக்குள் கிடந்து அழுத்தம் காட்டும் உணரி ஆகியவற்றையும் இவற்றின் இனத்தையும் இக்கட்டுரை ‘உட்கருவி’ என்று குறிக்கிறது. இவை வெளியுலகோடு எப்படிப் பேசுகின்றன, அந்தப் பேச்சுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதனால் நோயாளி அடைவதும் இழப்பதும் என்ன என்பவையே ஆய்வுக்குரிய கேள்விகள். தோலின்மேல் ஒட்டிக்கொள்ளும் உணரிகளும் இடுப்பில் மாட்டும் இன்சுலின் பம்புகளும் இதன் எல்லைக்குள் வரவில்லை. அவற்றின் பேட்டரியை நோயாளியே மாற்றிக்கொள்ளலாம். உட்கருவியின் பேட்டரியை மாற்றக் கத்தி வேண்டும்.

கம்பி ஏன் கூடாது என்பதற்கு இன்றும் கண்முன் சான்று உண்டு. தளர்ந்த இதயத்துக்குத் துணையாகப் பொருத்தப்படும் இடது கீழறைப் பம்புக்குச் சில வாட் மின்திறன் இடைவிடாமல் தேவை. அதைத் தருவதற்கு வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு கேபிள் வெளியே வருகிறது. அந்தத் துளையில் கிருமி ஏறுவது, இந்தப் பம்புடன் வாழ்பவர்களை வருத்தும் முதன்மையான சிக்கல்களில் ஒன்று. தோல் மூடியிருக்க வேண்டும். ஆனால் செய்தியும் ஆற்றலும் அதைக் கடக்க வேண்டும்.

அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்க்கையில் ஒரு விதி தெளிவாகத் தெரிகிறது என்பது என் துணிபு. உடலுக்கு வெளியே வைக்க முடிந்த சுமையை உடலுக்குள் ஏற்றாத வடிவமைப்பே வென்றிருக்கிறது. மின்திறன், கணிப்பு, ஆன்டெனாவின் பரப்பு, பாதுகாப்புச் சோதனை என எல்லாச் சுமைக்கும் இது பொருந்துகிறது. விதி பிசகிய இடங்களும் உண்டு. அவை விதியைவிட அதிகம் கற்பிக்கின்றன.

2. முதல் கருவியும் வெளியிலிருந்து வந்த மின்சாரமும்

1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில், அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங் 43 வயதான ஆர்னே லார்சனின் உடலில் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தினார். கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். இரண்டு சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள், நிக்கல்-காட்மியம் மின்கலம், இவற்றைச் சுற்றி எப்பாக்சி பிசின். வார்ப்பதற்கு ஷூ பாலிஷ் டப்பாவையே அச்சாகக் கொண்டார்கள். ஆகவே கருவி சுமார் 55 மில்லிமீட்டர் விட்டமும் 16 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டாக அமைந்தது. அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ அதற்குப்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் 86 வயதில் வேறொரு நோயால் இறக்கும்வரை வாழ்ந்தார். சென்னிங்கும் எல்ம்க்விஸ்டும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர்.

இக்கதையைச் சொல்பவர்கள் அந்தக் கருவிக்கு மின்சாரம் வந்த வழியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மின்கலத்துக்குள் இருந்த மின்சாரம் சொற்பம். எனவே தோலின்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, வால்வு அலையியற்றி ஒன்றால் சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறுகாந்தப் புலத்தை உண்டாக்கி, உள்ளே இருந்த சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டி மின்னேற்றம் செய்தார்கள். முதல் உட்கருவியே கம்பியில்லா ஆற்றலை நம்பிப் பிறந்தது.

பிறகு அந்த வழி பின்தங்கியது. 1960-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச் வடிவமைத்து வில்லியம் சார்டாக் பொருத்திய கருவி, மின்னேற்றமே தேவைப்படாத பாதரச மின்கலத்தில் ஓடியது. 1972 முதல் லித்தியம்-அயோடின் மின்கலம் வந்தது. அதற்கடுத்த ஆண்டே பேஸ்செட்டர் நிறுவனம் மீண்டும் மின்னேற்றக்கூடிய பேஸ்மேக்கரைக் கொண்டுவந்தது. பொறியியலில் அது நல்ல கருவி. எனினும் லித்தியம்தான் சந்தையைப் பிடித்தது. வாரந்தோறும் நினைவாக மின்னேற்ற வேண்டிய கடமை நோயாளியின் தலையில் விழவில்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆகவே விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. சுமையை வெளியே வைப்பது நல்லது. அதை நோயாளியின் ஞாபகத்தின்மேல் வைப்பது நல்லதன்று. மூளையையும் தண்டுவடத்தையும் தூண்டும் கருவிகள் சில இன்றும் தோல்வழியே மின்னேற்றப்படுகின்றன. அவற்றில் ஒருநாள் மறந்தால் நடுக்கமோ வலியோ திரும்பும். பேஸ்மேக்கரில் மறந்தால் விளைவு வேறு.

3. ஊடகமாக உடல்

3.1 திசுவில் அலை

காற்றில் 403 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 74 சென்டிமீட்டர். தசையின் ஒப்புமை விடுதிறன் அந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய 57. மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.8 சீமென்ஸ். இந்த இரண்டு எண்களிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. அலைநீளம் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. அலையின் வீச்சு, தசைக்குள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் போவதற்குள் 37 சதவீதமாகத் தேய்கிறது. வைஃபையும் புளூடூத்தும் உலவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இதே தேய்வு இரண்டே கால் சென்டிமீட்டருக்குள் நிகழ்ந்துவிடும்.

முதல் விளைவு நன்மையாகவும் அமைகிறது. கால் அலைநீள ஆன்டெனாவுக்குக் காற்றில் 18 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு இடம் எந்த உட்கருவியிலும் இல்லை. திசுவின் உயர்ந்த விடுதிறன் அந்த நீளத்தைச் சில சென்டிமீட்டராக்குகிறது. ஆன்டெனாவைச் சுற்றி மின்காப்புப் பொருள் இருப்பதால் முழுச் சுருக்கமும் கிடைக்காது, கிடைப்பது போதுமானது. அலையைத் தின்னும் திசுவே ஆன்டெனாவைச் சிறியதாக்கித் தருகிறது.

கொழுப்பு வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அதன் ஒப்புமை விடுதிறன் ஆறுக்கும் கீழே. கடத்துத்திறன் தசையினதில் இருபதில் ஒரு பங்கு. அலை கொழுப்புக்குள் எளிதில் போகும், ஆனால் தசையும் கொழுப்பும் சந்திக்கும் எல்லையில் ஒரு பகுதி திரும்பி எதிரொளிக்கும். ஒல்லியானவரிடம் சரியாக இசைந்து வேலை செய்த ஆன்டெனா, கொழுப்பு அடுக்கு தடித்த இன்னொருவரிடம் இசைவு பிறழ்வது இதனால்தான். அதே நோயாளி எடை கூடினாலும், கருவியைச் சுற்றி வடுத்திசு வளர்ந்தாலும் ஆன்டெனா காணும் சூழல் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்மத்தை உடலாகக் கொண்டு சோதிக்கிறார்கள். அது சராசரியைக் காட்டும். ஆளை ஆளாகக் காட்டாது.

3.2 டைட்டானியப் பெட்டி

உடல்நீர் உள்ளே கசியாமல் காக்க மின்னணுச் சுற்றை டைட்டானியப் பெட்டிக்குள் வைத்து லேசரால் பற்றவைக்கிறார்கள். இந்தப் பெட்டி தொடர்பியல் வரலாற்றின் போக்கையே தீர்மானித்தது. உலோகத்துக்குள் மாறுமின்புலம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. டைட்டானியத்தின் மின்தடை எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், 175 கிலோஹெர்ட்ஸில் அந்த ஆழம் சுமார் 0.9 மில்லிமீட்டர். பெட்டியின் சுவரோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பழைய கருவிகளில் தொடர்புச் சுருளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட முடிந்தது. மருத்துவர் வெளிக்கருவியின் தலையை நோயாளியின் நெஞ்சில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கருவியைப் படித்ததும், மாற்றியமைத்ததும் இவ்வகை மின்தூண்டலால்தான்.

அதே கணக்கை 403 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் ஆழம் 0.02 மில்லிமீட்டராகிறது. பெட்டி முழுமையான கவசமாகிவிடுகிறது. அதனால் ஆன்டெனாவை வெளியே, இதயத்துக்குச் செல்லும் லீட் கம்பிகள் வந்து சேரும் பிசின் தலைப்பகுதிக்குக் கொண்டுவந்து, பீங்கான் காப்பிட்ட ஒரு முள்வழியே உள்ளே இணைக்க வேண்டியதாயிற்று. பெட்டியில் போடும் ஒவ்வொரு துளையும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. அறையின் மறுகோடியிலிருந்து கருவியோடு பேசும் வசதிக்காக உற்பத்தியாளர்கள் கொடுத்த விலை இது.

3.3 வேண்டாத வரவேற்பு

லீட் கம்பியும் ஆன்டெனாவாகும். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரம் 64 மெகாஹெர்ட்ஸில் வலுவான அலையைப் பாய்ச்சுகிறது. அதைக் கம்பி வாங்கி, இதயச் சுவரைத் தொடும் நுனியில் வெப்பமாக இறக்கக்கூடும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. கூடாது என்ற நெடுநாள் விலக்குக்கு இது ஒரு காரணம். கம்பியின் மின்னியல்பையும் காந்த உணர் சுவிட்சையும் மாற்றியமைத்த கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தபின் அந்த விலக்கு தளரத் தொடங்கியது. அலையைப் போலவே காந்தப் புலமும் அழையாமல் நுழையும். மருத்துவர் காந்தத்தை மேலே வைத்தால், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் அந்த அதிர்ச்சி தருவதை நிறுத்தும் ஏற்பாடு பழையது, பயனுள்ளது. 2021-இல் வெளியான ஆய்வில், ஐபோன் 12-இன் பின்புறக் காந்தமே அந்த வேலையைச் செய்துவிடுவது தெரிந்தது. சட்டைப்பையில் கைபேசி வேண்டாம், 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும் என்ற அறிவுரைக்கு இன்றும் பொருள் உண்டு.

4. பலூனோடு பங்கிட்ட அலைக்கற்றை

உட்கருவிகளுக்கென்று அமெரிக்கா 1999-இல் 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியது. ஐரோப்பாவும் அதே கற்றையை ஏற்றது. 2009-இல் அமெரிக்கா அதை 401 முதல் 406 வரை விரித்தது. உரிமம் பெறாமலே பயன்படுத்த இந்தியாவும் 402–405 கற்றையை மருத்துவக் கருவிகளுக்குத் திறந்து வைத்திருக்கிறது. உச்சத் திறன் 25 மைக்ரோவாட், ஒரு தடத்தின் அகலம் 300 கிலோஹெர்ட்ஸ்.

இது காலி மனையில்லை. வானிலைப் பலூன்களில் கட்டி அனுப்பும் ரேடியோசோண்டே கருவிகள் உலகெங்கும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் பேசுகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மேலேறும் பலூனும், அண்ணாசாலையில் நடந்து போகிறவரின் நெஞ்சுக்குள் இருக்கும் கருவியும் ஒரே கற்றையின் பங்காளிகள். பலூன் வானத்தில், உட்கருவி பெரும்பாலும் கட்டடத்துக்குள், அதுவும் நுண்ணளவுத் திறனில் என்பதால் இருவரும் மோதிக்கொள்வதில்லை. இந்த உறவு கற்றை ஒதுக்கீட்டுக்கும் முந்தியது. 1957-இல் ஸ்டூவர்ட் மக்கேயும் பெர்டில் யாக்கப்சனும் விழுங்கக்கூடிய ஒரு சிறு அலைபரப்பியைச் செய்து குடலின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வெளியே கேட்டார்கள். வானிலைக் கருவியின் பெயரையே ஒட்டி அதற்கு ‘எண்டோரேடியோசோண்டே’ என்று பெயரிட்டார்கள். 2001-இல் மருத்துவத்துக்கு வந்த கேமரா மாத்திரை அதன் வழித்தோன்றல்.

இக்கற்றையின் விதிகளில் இரண்டை இங்கே வலியுறுத்த வேண்டும். தொடர்பைத் தொடங்குமுன் வெளிக்கருவிதான் ஒவ்வொரு தடத்தையும் 10 மில்லிவிநாடியாவது கேட்டு, அமைதியானதைத் தேர வேண்டும். உட்கருவி தானாகப் பேசக் கூடாது; வெளிக்கருவி கேட்டால் பதில் சொல்லலாம், அல்லது நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் அவசர நிகழ்வில் குரல் கொடுக்கலாம். அலைவரிசைச் சட்டம் எழுதியவர்கள் பொறியாளர்களுக்கு இணையாகவே சுமையை வெளியே தள்ளியிருக்கிறார்கள். உட்கருவியின் இயல்பு நிலை மௌனம் என்று சட்டமே சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

5. ஆற்றல் கணக்கு

பேஸ்மேக்கர் மின்கலத்தின் கொள்ளளவை ஓர் ஆம்பியர்-மணி என்று கொள்வோம். அது உண்மைக்கு அருகிலான அளவு. கருவி சராசரியாக 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுக்கு மேல் ஓடும். 2.8 வோல்ட்டில் இது 28 மைக்ரோவாட் மட்டுமே. இதயத்தைத் தூண்டுவது, அதன் துடிப்பைக் கேட்பது, நேரம் பார்ப்பது, நினைவில் பதிவது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இதில் ஒரு ரேடியோவைச் சேர்ப்போம். 402–405 கற்றைக்கென ஸார்லிங்க் நிறுவனம் செய்த சிப், பேசும்போது சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். அதை அணைக்காமல் விட்டால் ஓர் ஆம்பியர்-மணி மின்கலம் 200 மணி நேரத்தில், எட்டே கால் நாளில் தீர்ந்துவிடும். கேட்பதற்கும் ஏறக்குறைய அதே செலவு என்பதால், யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் திறந்து வைத்திருக்கவும் முடியாது.

தீர்வு அழகானது. உறங்கும் நிலையில் சிப் 250 நானோஆம்பியர் மட்டும் எடுக்கிறது. பேசும் நிலையில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வப்போது ஒரு கணம் மட்டும் 2.45 கிகாஹெர்ட்ஸில் செவி சாய்க்கிறது. அந்தக் கற்றையில் வெளிக்கருவிக்கு அதிகத் திறனோடு அலை பரப்ப அனுமதி உண்டு. எனவே மிக எளிய, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வாங்கிச் சுற்றுக்கே அந்த அழைப்பு எட்டிவிடுகிறது. உள்ளே உறங்குபவருக்குப் பெரிய செலவு இல்லாமல் வாசலில் நிற்பவர் தொண்டை கிழியக் கூப்பிடுவது போன்ற ஏற்பாடு இது. 2.45 கிகாஹெர்ட்ஸ் திசுவில் விரைவில் தேயும் என்று மேலே பார்த்தோம். அந்தத் தேய்வை வெளிக்கருவியின் மின்சாரத்தால் ஈடுசெய்கிறார்கள்.

2017-இல் ஒப்புதல் பெற்ற மெட்ரானிக் நிறுவனத்தின் அஸூர் போன்ற கருவிகள் புளூடூத்தின் குறைதிறன் வடிவத்தைக் கொண்டு நோயாளியின் கைபேசியோடோ படுக்கையருகே வைத்த பெட்டியோடோ பேசுகின்றன. தொலைக் கண்காணிப்பு இதனால் எளிதாயிற்று. லீட் கம்பி முறிந்ததையோ இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பதையோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவர் அறியலாம். மருத்துவமனைக்கு வர ஒருநாள் கூலியை இழக்கும் நோயாளிக்கு இதன் மதிப்பு மிகப் பெரியது.

வெப்பமும் ஒரு கணக்கு. உட்கருவியின் புறப்பரப்பு, சுற்றியுள்ள உடல் வெப்பத்தைவிட 2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறக் கூடாது என்பது பன்னாட்டுத் தரம். வேகமாக மின்னேற்ற வேண்டும் என்ற ஆசைக்குத் திசு போடும் எல்லை அது.

6. பேட்டரி இல்லாமலும் ரேடியோ இல்லாமலும்

6.1 நுரையீரல் தமனி உணரி

விதியின் தூய வடிவம் என்று நான் கருதுவது கார்டியோமெம்ஸ் உணரியை. அன்று ஜார்ஜியா டெக் பேராசிரியராக இருந்த மார்க் ஆலனும் இதய மருத்துவர் ஜெய் யாதவும் தொடங்கிய நிறுவனத்தில் உருவானது. பதினைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள சிலிக்கா உறைக்குள் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. பேட்டரி இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. இரத்த அழுத்தம் உறையின் சவ்வை அழுத்தும்போது மின்தேக்கியின் தகடுகள் நெருங்குகின்றன. சுற்றின் ஒத்ததிர்வு எண் மாறுகிறது. நோயாளி ஆன்டெனா பொதிந்த தலையணைமேல் படுக்கிறார். தலையணை அலையை அனுப்பி, எந்த அதிர்வெண்ணில் உணரி இசைகிறது என்று கேட்டு அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அறிவு முழுவதும் தலையணையில்.

550 நோயாளிகளைக் கொண்ட சேம்பியன் ஆய்வில், இந்த அளவீட்டைக் கண்டு மருந்தைச் சரிசெய்த பிரிவில், இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்வது ஆறு மாதத்தில் 28 சதவீதம் குறைந்தது. ஒப்புதல் 2014 மே மாதம் வந்தது. தீர்ந்துபோக ஒன்றும் இல்லாததால் மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை.

6.2 இரத்தமே கடத்தி

லீட் கம்பியே இல்லாமல், கீழறைக்குள் நேரே நங்கூரமிடும் பேஸ்மேக்கர்கள் 2016 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளன. மைக்ரா என்ற கருவியின் பருமன் 0.8 கன சென்டிமீட்டர். மேலறையில் ஒன்றும் கீழறையில் ஒன்றுமாக இரண்டை வைத்தால் சிக்கல் எழுகிறது. மேலறை சுருங்கியதைக் கீழறைக் கருவி ஒவ்வொரு துடிப்பிலும் அறிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒருநாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள். இவ்வளவு சிறிய மின்கலத்தில் 402 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை வைத்து இதைச் செய்தால் மின்கலம் தாங்காது.

2023-இல் ஒப்புதல் பெற்ற அபாட் நிறுவனத்தின் அவேர் இரட்டை அறைக் கருவி ரேடியோவைக் கைவிட்டது. ஒரு கருவி தன் மின்முனைகளால் இரத்தத்திலும் இதயத் தசையிலும் நுண்ணிய துடிப்புகளைச் செலுத்துகிறது. அவை இதயத்தைத் தூண்டும் அளவுக்கு வலுவுள்ளவை அல்ல. மற்றது தன் மின்முனைகளால் அந்த மின்னழுத்த வேறுபாட்டைப் படிக்கிறது. உப்பு கலந்த உடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிப் பாடம்தான். ரேடியோ அலைக்குத் தடையாக இருந்த கடத்துத்திறன் இங்கே பாதையாகிறது.

6.3 ஒலி

மீயொலி திசுவில் நன்றாகச் செல்லும். ஒரு மெகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர். எனவே மணலளவுக் கருவிக்கும் ஒலியைக் குவிக்கலாம். நோயறியும் ஸ்கேனுக்கு அனுமதிக்கப்பட்ட செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட். ரேடியோ அலைக்கு விதித்த எல்லையைவிட இது பன்மடங்கு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் 2016-இல் எலியின் நரம்பில் இப்படி ஓர் உணரியை இயக்கிக் காட்டினார்கள். எலும்பும் நுரையீரலின் காற்றும் குறுக்கே வந்தால் ஒலி நின்றுவிடும் என்பதே இதன் பெரும் குறை. மார்புக்குள் விலா எலும்புகளின் இடைவெளி பார்த்துத்தான் குறிவைக்க வேண்டும்.

7. திறந்திருக்கும் வழி

2008-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான கெவின் ஃபூவும் டேனியல் ஹால்பெரினும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையை உலுக்கியது. மென்பொருள் ரேடியோ ஒன்றைக்கொண்டு, 175 கிலோஹெர்ட்ஸில் பேசும் ஒரு டிஃபிப்ரிலேட்டரைச் சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படித்தார்கள். நோயாளியின் பெயர் உட்பட விவரங்கள் குறியாக்கமின்றிக் காற்றில் வந்தன. சிகிச்சையை அணைக்கவும், சோதனை அதிர்ச்சியைத் தரச் செய்யவும் அவர்களால் முடிந்தது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, 2007-இல் தன் கருவியின் கம்பியில்லாத் தொடர்பை மருத்துவர் நிறுத்திவைத்ததை 2013-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். 2019 மார்ச்சில், மெட்ரானிக்கின் கானெக்ஸஸ் நெறிமுறையில் குறியாக்கமும் அடையாளச் சோதனையும் இல்லை என்று அமெரிக்க அரசு எச்சரித்தது.

கடவுச்சொல் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மதுரைக்குச் சுற்றுலா வந்த வெளியூர்க்காரர் மயங்கி விழுந்து, இதற்கு முன் அவரைப் பார்த்திராத மருத்துவரிடம் கொண்டுவரப்படுகிறார் என்று வையுங்கள். கருவி அந்த மருத்துவருக்குத் திறந்தாக வேண்டும். தாக்குபவருக்கு மூடியும் அந்நியரான மருத்துவருக்குத் திறந்தும் இருக்கும் பூட்டைச் செய்வதே இங்குள்ள கடினம். மேலும் ஒவ்வொரு அடையாளச் சோதனைக்கும் மின்சாரம் செலவாகும்; தவறான அழைப்புகளை ஓயாமல் அனுப்பியே ஒருவர் மின்கலத்தைக் காலிசெய்துவிடலாம்.

2008 ஆய்வே ஒரு வழியைக் காட்டியது. கேட்பவர் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலை எடுத்து, அதைக்கொண்டு அவரைச் சோதிப்பது. சோதனையில் தேறினால்தான் மின்கலம் விழிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் பெற்ற சியாம் கொல்லகோட்டா, 2011-இல் எம்.ஐ.டி.யில் டீனா கட்டாபி முதலியோருடன் சேர்ந்து இன்னும் ஒரு படி போனார். நோயாளி கழுத்தில் அணியும் ஒரு ‘கேடயம்’, உட்கருவியின் பேச்சை மற்றவர் கேட்காதபடி இரைச்சலால் மூடும். தான் எழுப்பும் இரைச்சலைத் தன் ஆன்டெனாவில் நீக்கிக்கொண்டு தான் மட்டும் கேட்கும். அவசரத்தில் கேடயத்தைக் கழற்றினால் கருவி பழையபடி திறந்துவிடும். ஏற்கெனவே பொருத்திய கருவியில் கைவைக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. பாதுகாப்பின் சுமையையும் வெளியே கொண்டுபோன இந்த யோசனை மருத்துவமனைகளுக்கு வராமலே நிற்பது எனக்கு வருத்தம்.

உள்ளேயே சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதை 2017 ஆகஸ்ட் காட்டியது. அபாட் நிறுவனத்தின் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு, பாதுகாப்புக் குறை ஒன்றைத் திருத்தும் மென்பொருள் மாற்றம் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. நோயாளி மருத்துவமனைக்கே வர வேண்டும், மூன்று நிமிடம் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் ஓடும், 0.003 சதவீதக் கருவிகள் முற்றிலும் செயலிழக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இந்தக் குறையால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக அதுவரை தகவல் இல்லை. நேராத தாக்குதலுக்கு அஞ்சி, சிறியதேயானாலும் உறுதியாக உள்ள ஓர் ஆபத்தை ஏற்பதா என்று ஒவ்வொரு மருத்துவரும் நோயாளியோடு அமர்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

8. வெளிப்பாதி யாருடையது

இதுவரை சொன்ன விதியின் மறுபக்கம் காக்லியர் இம்பிளான்டில் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே பேட்டரி இல்லை. தோலுக்கு இருபுறமும் காந்தத்தால் நேர்பிடித்து நிற்கும் இரு சுருள்கள். வெளிச்சுருள் சில மெகாஹெர்ட்ஸ் முதல் சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரையான அலையில் ஆற்றலையும் ஒலிச் செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது. மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978-இல் பல மின்முனைக் கருவியைப் பொருத்திய காலம் முதல் பேச்சைப் பகுக்கும் வேலை வெளியே உள்ள புராசஸரில்தான் நடக்கிறது. அதனால் கத்தி வைக்காமலே, பழைய உட்கருவிக்குப் புதிய கணிப்பு முறையைத் தர முடிகிறது.

வெளியே உள்ள சுருளின் கேபிள் முறிந்தால் அந்தக் காது அக்கணமே செவிடாகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகள் பலர் இக்கருவியைப் பெற்றிருக்கிறார்கள். அரிய ஏற்பாடு அது. ஆனால் குழந்தை விளையாடும், விழும், வியர்க்கும். கேபிளும் பேட்டரியும் தேயும். சில ஆண்டுகளில் புராசஸரையே மாற்ற வேண்டி வரும். அறுவைச் சிகிச்சையை ஒருமுறைச் செலவாகக் கருதும் எந்தக் கணக்கும் இங்கே தவறும். உட்கருவி அறுபது ஆண்டு இருக்கலாம். அத்தனை ஆண்டுக்கும் வெளிப்பாதி வேண்டும்.

வெளிப்பாதியை நிறுவனமே கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்கஸ் 2 விழித்திரைக் கருவி சாட்சி. செகண்ட் சைட் நிறுவனம் செய்த இக்கருவி 2013-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. கண்ணாடியில் கேமரா, இடுப்பில் கணிப்பான், விழித்திரையில் 60 மின்முனைகள், இடையே கம்பியில்லாச் சுருள்கள். உலகெங்கும் சுமார் 350 பேர் இதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் இதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கண்ணாடி பழுதானவர்களுக்குப் பழுதுபார்க்க ஆள் இல்லாமற்போனது. விழித்திரையில் ஆணியிட்ட மின்முனைகள் அங்கேயே இருந்தன.

இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகள் இத்தகைய கருவிகளை மிக உயர்ந்த இடர் வகுப்பில் வைத்துத் தரத்தையும் பாதுகாப்பையும் கேட்கின்றன. பொதுப் பணத்தில் கருவி வாங்கும் அரசும் காப்பீட்டுத் திட்டங்களும் கொள்முதல் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும் என்பது இந்த ஆய்வின் பரிந்துரை. வெளிப்பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், என்ன விலையில் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். உள்ளும் வெளியும் பேசும் நெறிமுறையின் முழு ஆவணத்தை மூன்றாம் தரப்பிடம் வைப்பாக வைத்து, நிறுவனம் மூடினால் அது பொதுவுக்குத் திறக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் குறை தெரிந்தால் திருத்தத்தை மாவட்ட மருத்துவமனை அளவில் செய்துதரும் பொறுப்பு விற்றவருடையதாக இருக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவதை நிறுவனங்கள் எளிதில் ஏற்கமாட்டா. நெறிமுறை வணிக இரகசியம் என்பார்கள். 402 மெகாஹெர்ட்ஸ் கற்றை பொதுச் சொத்து, கருவி கிடக்கும் உடல் நோயாளியுடையது. பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.